அக்கா போன பிறகு என் வாசிப்பு "ஆழமாகிவிட்டது" என்கிறார்கள். அப்படியா?

#1 வில்நுனி

இதை எந்தப் பகுதியில் போடுவது என்று தெரியவில்லை, மட்டுறுத்துநர் வேறு இடத்துக்கு மாற்றினாலும் சரி. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வயலின். என் அக்கா வாய்ப்பாட்டு. 17 வருஷம் அவளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தேன். தனியாக வாசித்த கச்சேரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன வருஷம் அக்கா போய்விட்டாள். நோய், நாலு மாசம், அதற்கு மேல் விவரம் வேண்டாமே.

அப்புறம் ஏழு மாதம் மேடைப் பக்கமே போகவில்லை. இப்போது இரண்டு தனிக் கச்சேரி வாசித்திருக்கிறேன். இரண்டு முறையும் முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையேதான் சொல்கிறார்கள்: வாசிப்பு ஆழமாகிவிட்டது, அந்த மௌனம் முன்பு உன்னிடம் கிடையாது, இப்போதுதான் சங்கீதம் வருகிறது. ஒரு பெரியவர், நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர், "துக்கம் உன்னை வித்வானாக்கிடுச்சுப்பா" என்றே சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை.

ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று யோசித்தேன். அப்படியானால் 17 வருஷம் நான் வாசித்ததெல்லாம் என்ன என்பது ஒன்று. இன்னொன்றைச் சொல்லவே கூசுகிறது. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டால், அவள் செத்ததற்கு நான் கூலி வாங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், கேட்க மட்டும் செய்கிறவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். இழப்பு ஒருத்தர் சங்கீதத்தை மாற்றுகிறது என்றால் அதில் எதை மாற்றுகிறது? தயவுசெய்து "ஆழம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை எனக்குப் புளித்துவிட்டது.

#2 கேட்பவன்_மட்டும்

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் பதிந்துவிட்டுப் போகிறேன்.

#3 பழைய_ஒலிநாடா

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதைத் தப்பென்று தள்ள என்னால் முடியாது.

கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் போகும்போது அவருக்கு 27 வயதுதான், இந்த அம்மாவுக்கு 25. மேடையில் இரண்டு பேரும் போட்டி போட்டுப் பாடிய ஜோடி. அன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டியவர் கடைசிவரை மாற்றவில்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று விலகினார், அதையும் கடைசிவரை காப்பாற்றினார். அந்தக் குரல் உச்ச ஸ்தாயியில் போய் நிற்கும்போது ஒரு எடை இருக்கும் பாருங்கள், அது சாதகத்தில் (பயிற்சியில்) வருவதில்லை. பட்டால்தான் வரும். நான் 40 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என் காதை நம்புகிறேன்.

நல்லா இருந்தவன் பாட்டு நல்லா இருக்கும், அவ்வளவுதான். நொந்தவன் பாட்டுதான் நிற்கும்.

#4 தாளக்கட்டு

//பட்டால்தான் வரும்//

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த அம்மாவின் 1933-க்கு முந்தைய இசைத்தட்டுகளும் இருக்கின்றன. வாழ்க்கைக் கதையே தெரியாத ஒருவரிடம் முந்தையது ஒன்றும் பிந்தையது ஒன்றும் போட்டுக்காட்டி, எதில் துக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். எனக்கென்னவோ சந்தேகம்தான்.

அவர் விஷயத்தில் இழப்பு எதை மாற்றியது என்பது கண்ணுக்குத் தெரிகிறதே. ஜோடி கிடையாது என்று முடிவெடுத்த பிறகு அவருக்கு என்ன வேஷம் மிச்சம்? 1935-ல் வந்த நந்தனாரில் நந்தனாராகவே நடித்தார், ஆண் வேடம். 1953-ல் ஔவையார், கிழவி வேடம். காதல் பாட்டு என்ற ஒரு பெரிய அறையே அவருக்கு மூடிப் போனது, பக்திப் பாட்டு முழுக்க அவர் பக்கம் வந்தது. அதைத்தான் நாம் இன்றைக்குக் கேட்டுவிட்டு "எடை" என்கிறோம். குரல் மாறியதா என்று எனக்குத் தெரியாது, அவர் கைக்கு வந்த பாட்டுகள் மாறின.

அப்புறம் வெளியூர் உதாரணம் ஒன்று. நிக் கேவ் என்ற ஆஸ்திரேலியப் பாடகர். அவருடைய 15 வயது மகன் 2015 ஜூலையில் குன்றிலிருந்து விழுந்து இறந்தான். அடுத்த வருஷம் ஸ்கெலிட்டன் ட்ரீ என்ற இசைத்தொகுப்பு வந்தது. முதல் பாட்டே வானத்திலிருந்து ஒருவர் விழுவதில்தான் தொடங்கும். உலகமே கேட்டு அழுதது, மகனுக்காக எழுதியது என்று. ஆனால் அதில் பெரும்பாலான பாடல்கள் பையன் சாவதற்கு முன்பே எழுதப்பட்டவை!

மாலர் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் கதை இன்னும் மோசம். ரூக்கர்ட் என்ற ஜெர்மன் கவிஞர் இரண்டு குழந்தைகளை ஒரே குளிர்காலத்தில் பறிகொடுத்து 428 கவிதை எழுதினார். அதில் ஐந்தை எடுத்து மாலர் 1901-லிருந்து 1904-க்குள் இசையமைத்தார். இறந்த குழந்தைகளுக்கான பாடல்கள். வீட்டில் சின்னக் குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கிறது, இவர் இதை எழுதுகிறார், மனைவிக்கு அது பொறுக்கவே இல்லை. 1907-ல் மூத்த மகள் இறந்தாள், நாலு வயது. அவள் போன பிறகாக இருந்திருந்தால் இந்தப் பாடல்களை எழுதியிருக்கவே முடியாது என்று அவரே பின்னால் சொன்னதாகப் பதிவு உண்டு.

ஆக, பட்டால்தான் வரும் என்பது சரியில்லை. படுவதற்கு முன்பும் வருகிறது, பட்ட பிறகு வராமலும் போகிறது.

#5 பழைய_ஒலிநாடா

மாலரைப் பாதியில் விட்டுவிட்டீர்களே தம்பி. அவர் பிறந்த வீட்டில் குழந்தைகளில் பாதிப் பேர் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். அவரோடு ஒட்டிக்கொண்டே திரிந்த தம்பி எர்ன்ஸ்ட் 1875-ல் இறந்தபோது மாலருக்கு 14, 15 வயதிருக்கும். ரூக்கர்ட் பறிகொடுத்த பையன் பெயரும் எர்ன்ஸ்ட்தான். 25 வருஷம் கழித்து அந்தக் கவிதைப் புத்தகத்தை ஏன் கையில் எடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? துக்கத்துக்குத் தேதி போட்டு வழக்காடாதீர்கள்.

#6 தாளக்கட்டு

நல்ல பாயிண்ட். இது எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதே தேதிக் குழப்பத்துக்கு இன்னொன்று. ஹெர்பர்ட் ஹவல்ஸ் என்ற ஆங்கிலேயர், மகன் 1935-ல் ஒன்பது வயதில் இறந்தான். ஹவல்ஸ் எழுதிய ரெக்வியம் (இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை) ஒன்று உண்டு, மகனுக்காக எழுதியது என்றே வெகுகாலம் நம்பினார்கள். கடைசியில் பார்த்தால் எழுதியது 1932. அந்தப் பழைய இசையிலிருந்து எடுத்து, மகன் போன பிறகு வேறொரு பெரிய படைப்பைக் கட்டினார். 1938-ல் முடித்தவர் அதை யாருக்கும் காட்டவில்லை. 12 வருஷம் மேசைக்குள் இருந்தது. 1950-ல்தான் மேடைக்கு வந்தது.

எனக்கு அந்த 12 வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது. துக்கத்தின் வேலை இசையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஹவல்ஸ் விஷயத்தில் பாதி வேலை அந்த இழுப்பறைக்குள் இருக்கிறது.

#7 கணக்குப்பிள்ளை

ஆய்வு இருக்கிறதா என்று தேடினேன் (என் வியாதி அது). மோட்சார்ட், பீத்தோவன், லிஸ்ட் மூவரின் கடிதங்களை எடுத்து, அதிலுள்ள சோகச் சொற்களை அவர்கள் எழுதிய இசையோடு ஒப்பிட்டார் போரோவியெட்ஸ்கி என்ற பொருளியல்காரர். வருத்தமான காலத்தை அடுத்து நல்ல படைப்புகள் கூடுகின்றன என்பது அவர் முடிவு. இன்னொரு ஆய்வு ஓவியர்களைப் பற்றியது. நெருங்கியவர் இறந்த அடுத்த ஓராண்டில் வரைந்த படங்கள் குறைந்த விலைக்கே போயின. ஒன்று மேலே காட்டுகிறது, ஒன்று கீழே காட்டுகிறது.

#8 கேட்பவன்_மட்டும்

பிள்ளைவாள், அப்படியென்றால் துக்கத்தில் பாடலாம், படம் மட்டும் வரையக்கூடாது என்கிறீர்கள் :)

#9 மூச்சுப்பிடி

நான் பாடுகிறவள். இந்த இழையில் எல்லாரும் துக்கத்தை மனசு விஷயமாகவே பேசுகிறீர்கள். உடம்பைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே?

குமார் கந்தர்வா, இந்துஸ்தானிப் பாடகர். பிள்ளைப் பிராயத்திலேயே மேடையில் அசத்தியவர். 20 வயது தாண்டிக் கொஞ்ச நாளில் காசநோய், 1947 வாக்கில். பாடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்தாறு வருஷம் தேவாஸில் படுக்கை. ஒரு நுரையீரல் பயனற்றுப் போனது. பாடகனுக்கு அது எந்த மாதிரி இழப்பு என்று பாடாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 1953-ல் திரும்பி வந்து பாடினார். வந்த ஆள் வேறு ஆள். நீண்ட மூச்சில் ஒரே இழுப்பாக இழுப்பது இல்லை. சின்னச் சின்னத் துண்டாக எறிவார், நிறுத்துவார், மறுபடி எறிவார், அந்த நிறுத்தத்தில் தம்புரா மட்டும் கேட்கும். படுக்கையில் கிடந்த காலத்தில் ஜன்னலுக்கு வெளியே மாளவத்துக் கிராமத்து ஆட்கள் பாடியது காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, அதுவும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த நிறுத்தங்களைக் கேட்டு நாம் உருகுகிறோம். எனக்கு அதில் முதலில் கேட்பது மூச்சுக் கணக்கு. இதைச் சொன்னால் ஏதோ அவரைக் குறைத்துவிட்ட மாதிரி சிலர் கோபிக்கிறார்கள். குறைக்கவில்லை. இருக்கிற மூச்சை வைத்து எங்கே வெட்டுவது என்று தினம் தினம் உட்கார்ந்து யோசித்த மனிதர் அவர். அந்த யோசனைதான் எனக்குப் பெரிசு.

எனக்கே குரல் நாணில் அறுவை நடந்து 14 மாதம் பாடாமல் இருந்திருக்கிறேன். திரும்ப வந்தபோது மேல் ஷட்ஜத்துக்கு மேலே போகாது. அதனால் மத்திய ஸ்தாயியில் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தேன். "பக்குவம் வந்திருக்கு" என்றார்கள். பக்குவமாவது! மேலே போக முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கீழே சுற்றும்போது அதுவரை நான் கவனிக்காமல் தாண்டிப்போன இடங்கள் சில கிடைத்தன, அதையும் மறைக்க மாட்டேன். இப்போது குரல் ஓரளவு மேலே போகிறது. அந்தக் கீழ் இடங்களை விட மனசில்லை.

#10 வில்நுனி

எல்லாருக்கும் நன்றி. மூச்சுப்பிடி அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

இன்னொரு கேள்வி. நின்றுபோனவர்கள்? இழந்த பிறகு வாசிக்காமலே விட்டவர்கள் பற்றி யாரும் ஏன் பேசுவதில்லை? அந்த ஏழு மாதத்தில் எனக்கு அதுதான் நியாயமாகத் தெரிந்தது.

#11 ஸ்வரஜதி

கிளாரா ஷூமன். கணவர் ராபர்ட் ஷூமன் 1856-ல் மனநல விடுதியில் இறந்தார். சின்ன வயசிலிருந்து இசையமைத்துக்கொண்டிருந்த கிளாரா அதற்கப்புறம் 40 வருஷம் உயிரோடு இருந்தார். அந்த 40 வருஷத்தில் இயற்றியது என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. ஏன்? துக்கத்தால் ஊற்று வற்றிவிட்டது என்று அழகாகச் சொல்லலாம். ஆனால் கையில் ஏழு பிள்ளைகள். ஊர் ஊராகப் பியானோ வாசித்துத்தான் வீடு ஓட வேண்டும். உட்கார்ந்து எழுத நேரம் யார் கொடுத்தார்கள்? கணவருடைய இசையை உலகத்துக்கு வாசித்துக் காட்டினார், அவர் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். சொந்தமாக எழுதியது மட்டும் நின்றது.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ரகுமான் ஞாபகம் வரும். 1976-ல் அப்பா ஆர்.கே. சேகர் இறந்தபோது 9 வயது. அப்பாவின் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. கிளாராவுக்கு எந்தக் கதவை அடைத்ததோ, அதே பணமுடை இந்தப் பையனை சின்ன வயசிலேயே வாசிக்கும் வேலைக்குத் தள்ளியது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கும் அப்படித்தான், 10 வயதுக்குள் அம்மா அப்பா இருவரும் இல்லை, அண்ணன் வீட்டுக்குப் போகிறான், அண்ணன் ஆர்கன் வாசிப்பவர், அங்கே கற்றுக்கொள்கிறான். வீட்டில் ஒருத்தர் செத்தால் அழுகை மட்டுமா வருகிறது? இனி யார் வீட்டில் இருப்பது, யார் சம்பாதிப்பது, எல்லாம் மாறுகிறது. இசையை அதுவும் மாற்றும்.

#12 பழைய_ஒலிநாடா

நின்றவர்கள் என்றால் கஜல் பாடகி பேகம் அக்தர். 1945-ல் திருமணம், பாட்டை விட்டார். நாலைந்து வருஷம். தாயாரும் போய்ச் சேர, ஆளே படுத்துவிட்டார். பாட விட்டால்தான் தேறுவார் என்று மருத்துவர் சொல்லி, 1949-ல் லக்னோ வானொலியில் திரும்பப் பாடினார். பாடி முடித்து அழுதார் என்பார்கள்.

அந்தக் குரல் ஒரு இடத்தில் உடையும். உடைந்ததும் ரசிகர்கள் "ஆகா" என்பார்கள். வேறு யாருக்காவது அப்படி உடைந்தால் சாதகம் போதவில்லை என்போம். தாளக்கட்டு தம்பி, உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

#13 தாளக்கட்டு

:) எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா.

இன்னொரு வகையும் இருக்கிறது. எரிக் கிளாப்டன் என்ற ஆங்கிலேய கிடார் கலைஞரின் நாலு வயது மகன் 1991-ல் 53-வது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். அவனுக்காக எழுதிய பாட்டு உலகம் முழுக்க ஓடியது. 2004-ல் அதை மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். அந்த இழப்பு உணர்வு இப்போது தனக்குள் இல்லை, இல்லாததைப் பாட முடியவில்லை என்பதுதான் காரணம். சில வருஷம் கழித்து மறுபடி பாடினார், அது வேறு விஷயம். நான் இதைப் படித்தபோது அந்தப் பாட்டைவிட அந்த நிறுத்தத்தை அதிகம் மதித்தேன். ரசிகர்கள் கேட்கத் தயாராக இருக்கிறார்கள், பணம் வரும், ஆனாலும் துக்கம் ஆறிவிட்டது என்று ஒரு மனிதர் ஒப்புக்கொள்கிறாரே.

வில்நுனி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? பழைய தனிக் கச்சேரிப் பதிவும் இப்போதைய பதிவும் இருக்கிறதா? ஒரே ராகமாக இருந்தால் நல்லது. எது எது என்று சொல்லாமல் இங்கே போடுங்கள். காது பேசட்டும். மனசுக்குக் கஷ்டம் என்றால் வேண்டாம், கேட்டதற்கு மன்னிக்கவும்.

#14 வில்நுனி

இரண்டும் சஹானா ராக ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது). ஒன்று மூன்று வருஷத்துக்கு முந்தையது, அக்கா நன்றாக இருந்த காலம். இன்னொன்று போன மாதம். இரண்டையும் ஆறு நிமிஷத்துக்கு வெட்டியிருக்கிறேன், கைதட்டலை எடுத்துவிட்டேன். முதல் பதிவு, இரண்டாம் பதிவு. எது பிந்தையது என்று சொல்லுங்கள். ஞாயிறு இரவு உண்மையைச் சொல்கிறேன்.

#15 பழைய_ஒலிநாடா

இதற்கு ஆறு நிமிஷம் எதற்கு? முதல் பதிவுதான் பிந்தையது. தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) ரிஷபத்துக்குப் போகும்போது அந்தக் கரகரப்பைக் கேளுங்கள், வில் விம்முகிறது. தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

#16 ஸ்வரஜதி

முதல் பதிவு. மெதுவாக, அவசரமே இல்லாமல். இரண்டாவது சுத்தமாக இருக்கிறது, ஆனால் உணர்ச்சி கம்மி.

#17 கணக்குப்பிள்ளை

நானும் முதல் பதிவு. (எனக்குச் சங்கீதம் தெரியாது, கூட்டத்தோடு கோவிந்தா.)

#18 மூச்சுப்பிடி

இரண்டாவது. எனக்குச் சந்தேகமே இல்லை. காரணத்தை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், இப்போது சொன்னால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

#19 வில்நுனி

14 பேர் சொன்னீர்கள். அதில் 9 பேர் முதல் பதிவுதான் பிந்தையது என்றீர்கள். தப்பு. முதல் பதிவு மூன்று வருஷத்துக்கு முந்தையது.

பழைய_ஒலிநாடா ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். மெதுவாகப் போனதற்கு அது காரணம். கரகரப்புக்குக் காரணம், அவசரத்தில் வில்லுக்கு ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) சரியாகப் போடாதது. கச்சேரி முடிந்ததும் அக்கா திட்டினாள், "வில்லா அது, துடைப்பமா?" என்று.

#20 பழைய_ஒலிநாடா

40 வருஷம் கேட்ட காது ரோசின் இல்லாத வில்லுக்கு அழுதிருக்கிறது. சரி, போகட்டும். ஆனால் அழுதது நிஜம். அதை என்ன செய்யட்டும் சொல்லுங்கள்.

#21 தாளக்கட்டு

ஐயா, சத்தியமாக நான் சிரிக்கவில்லை. நானும் முதல் பதிவைத்தான் சொல்லியிருந்தேன், தனிச்செய்தியில். இவ்வளவு பேசிவிட்டு.

#22 மூச்சுப்பிடி

இப்போது சொல்கிறேன். நான் துக்கத்தைத் தேடவில்லை, மூச்சு விடும் இடத்தைப் பார்த்தேன். எனக்கு அது பழக்கம்.

இரண்டாம் பதிவில் ஒவ்வொரு பிடியும் (ராகத்தின் சின்னச் சொற்றொடர்) முடிந்ததும் அதன் வாலை மட்டும் மெதுவாக இன்னொரு தரம் வாசிக்கிறீர்கள், கார்வை (ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது) மாதிரி. அப்புறம் நிறுத்தம். அப்புறம் அடுத்த பிடி. தனியாக வாசிக்கிறவர்களின் நிறுத்தம் அப்படி இருக்காது. அவர்கள் அடுத்து எங்கே போவது என்று யோசித்து நிற்பார்கள், அதனால் ஒன்று சின்னதாக இருக்கும், ஒன்று பெரிதாக இருக்கும். உங்கள் நிறுத்தம் வேறு மாதிரி. பாடகர் ஒரு பிடி பாடுவார், வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும், பாடகர் மூச்சு வாங்குவார், அவர் அடுத்ததை எடுக்கும்வரை வயலின் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் இது. எடுக்க ஆள் இல்லை, அதனால் கொஞ்ச நேரம் கழித்து நீங்களே எடுக்கிறீர்கள். மேடையில் எல்லாரும் பாராட்டினார்கள் என்றீர்களே, அந்த மௌனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவில் இது கிடையாது. அக்கா இருந்தபோதே தனியாக வாசிக்கும்போது தனி ஆளாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஏழு மாதம் சாதகம் யாரோடு செய்தீர்கள்?

#23 கேட்பவன்_மட்டும்

வில்நுனி நாலு நாளாக வரவில்லை. நாம் அதிகம் தோண்டிவிட்டோமோ?

#24 வில்நுனி

இல்லை, இருக்கிறேன். பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டதற்குப் பதில்: அவளோடுதான். வீட்டுப் பதிவுகள் கைபேசியில் 60, 70 இருக்கின்றன. ஒத்திகையில் எடுத்தது, சும்மா சாயங்காலம் பாடும்போது எடுத்தது. மேடை ஏறாத ஏழு மாதமும் ராத்திரி சுருதிப்பெட்டிக்குப் பதிலாக அதைத்தான் போட்டுக்கொண்டு கூட வாசித்தேன். யாரிடமும் சொன்னதில்லை. வாசிக்கவே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், இந்த இழையைத் தொடங்கியபோது உங்களிடமும் அப்படித்தான் தொனிக்க எழுதினேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு போன மாதப் பதிவை மறுபடி கேட்டேன், கையில் பென்சிலோடு. நிறுத்தங்களைக் குறித்தேன். கடைசி இரண்டு நிமிஷத்தில் அவை எங்கே விழுகின்றன என்று பார்த்தால், ஒரு குறிப்பிட்ட சஹானா பதிவில் அவள் மூச்சு வாங்கும் இடங்கள். அதே வரிசை. அந்த ஒரு பதிவைத்தான் அதிகம் போட்டிருப்பேன், அதில் நடுவில் அவள் சிரித்துவிடுவாள், அதற்காகப் போடுவேன்.

அதில் இன்னொன்று தட்டுப்பட்டது. உயிரோடு இருந்தவரை அவள் ஒருநாளும் அதே இடத்தில் மூச்சு வாங்கியதில்லை. 17 வருஷமும் எனக்கு அதுதான் வேலை, இன்றைக்கு எங்கே வாங்கப்போகிறாள் என்று அவள் தோளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது. சில நாள் வேண்டுமென்றே ஏமாற்றுவாள். பதிவில் அவள் எப்போதும் ஒரே இடத்தில்தான் வாங்குகிறாள், நானும் அதற்கு ஒத்துப்போய்விட்டேன். கச்சேரிக்கு வந்தவர்கள் பாராட்டியது அதைத்தான் போலிருக்கிறது.

அந்தப் பெரியவர் மேல் இப்போது கோபமில்லை. அவருக்கு ஏதோ கேட்டது, அது இருக்கத்தான் செய்தது. பெயர்தான் தப்பாக வைத்தார்.

#25 பழைய_ஒலிநாடா

தம்பி, அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

#26 தாளக்கட்டு

பில் எவன்ஸ் என்ற ஜாஸ் பியானோக்காரர் ஞாபகம் வந்தது. அவருடைய பாஸ் வாசிப்பாளர் ஸ்காட் லஃபாரோ 25 வயதில், 1961 ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்தார். அதற்கு 11 நாள் முன்னால்தான் இருவரும் ஒரு நாள் முழுக்க வாசித்ததைப் பதிவு செய்திருந்தார்கள். எவன்ஸ் பல மாதம் வாசிக்கவில்லை. அப்புறம் இன்னொரு பாஸ்காரரை வைத்துத் தொடர்ந்தார். புதியவர் எப்படி வாசித்தாலும் கேட்கிறவர்கள் முதலில் பழையவரோடுதான் ஒப்பிட்டிருப்பார்கள். அந்தப் புது ஆளை நினைத்துத்தான் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும்.

#27 மூச்சுப்பிடி

வில்நுனி, பதிவோடு வாசிப்பதை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மூச்சு விடுகிற யாராவது ஒருத்தருக்கு வாசியுங்கள். யாராக இருந்தாலும் சரி.

#28 வில்நுனி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இழையை மேலே தூக்கியதற்கு மன்னிக்கவும்.

அக்காவிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், 19 வயது, அடுத்த மாதம் கச்சேரி, வாசிக்க முடியுமா அண்ணா என்று கேட்டாள். முதலில் முடியாது என்றேன். அப்புறம் சரி என்றேன்.

முதல் ஒத்திகை கேவலமாகப் போனது. அவளுக்கு அக்காவின் பாணி அப்படியே வந்திருக்கிறது, பிடிகள் அதேதான், அதனால் என் கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. அக்கா நிறுத்தும் இடத்தில் இவள் நிறுத்தவில்லை. நான் வாலைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறேன், அவள் அதற்குள் அடுத்ததில் பாதி தூரம் போய்விட்டாள். இன்னொரு இடத்தில் அவள் பிடியின் நடுவிலேயே மூச்சு வாங்கிவிட்டாள், நான் தனியாகப் போய் மேல் ஷட்ஜத்தில் நின்றுகொண்டிருந்தேன், கூட யாருமில்லாமல். அவள் திரும்பிப் பார்த்தாள். பாவம், தன் தப்பு என்று நினைத்துவிட்டாள். நாலு தடவை இப்படி. ஐந்தாவது தடவை வயலினைத் தாழ்த்திவிட்டு அவள் தோளைப் பார்க்க ஆரம்பித்தேன். கச்சிதமாக வரவில்லை, ஆனால் கடைசி ஒரு நிமிஷம் ஒட்டியது.

வியாழக்கிழமை மறுபடி ஒத்திகை. எங்கே மூச்சு வாங்குவாய் என்று முன்கூட்டியே சொல்லேன் என்று கேட்டதற்கு, "எனக்கே தெரியாதுண்ணா" என்கிறாள்.